தூத்துக்குடிக்குப் பதினொரு பேர்

கவலைப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல தேர்ச்சி. மழை பெய்தால் வெள்ளம் வந்துவிடுமே என்பேன். பெய்யாவிட்டால் ஆறு வற்றிவிடுமே என்பேன். இந்தக் குணத்தைக் கண்டுதான் பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு என்னைக் காரியதரிசியாகப் போட்டார்கள். பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முந்தின மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரண்டு கூண்டு வண்டிகளில் நாங்கள் கிழக்கே புறப்பட்டபோது என் மனதில் இருந்த கவலைகளை இறக்கி வைத்திருந்தால் மூன்றாவதாக ஒரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.

காரணம் இருந்தது. அந்த வருஷம் எங்களை அதிகமாக அடித்தது எதிர்க்கட்சி இல்லை, நாள் கிழமைதான். முதல் ஆட்டம் அமாவாசையில் விழுந்தது. ஆற்றங்கரையில் தர்ப்பணம் முடித்துவிட்டு இரண்டு பேர் ஈரத் தலையோடு பாதி ஆட்டத்தில் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆட்டத்தன்று எங்கள் கோயிலில் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்தில் ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்த கிறிஸ்தவப் பையன்கள் நாங்கள் ஐந்து பேரும், மைதானத்தில் பந்தைத் துரத்தாமல் நிழலைத் துரத்திக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஆட்டம் வெள்ளிக்கிழமை. கோல் காக்கும் மீரான் ஜும்மா தொழுகை முடிந்து வரும்வரை கோல் கம்பத்துக்கு நடுவே நான் நின்றேன். அன்றைக்கு எத்தனை கோல் விழுந்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

பிரின்சிபால் துரை நல்ல மனிதர். ஆனால் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவர். எங்களை வரிசையாக நிற்கவைத்து ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: "நீங்கள் நல்ல இந்துக்கள், நல்ல கிறிஸ்தவர்கள், நல்ல முகமதியராக இருக்கலாம். ஒரு அணியாக நான் உங்களை இதுவரை பார்க்கவில்லை. தூத்துக்குடியில் திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு நான் தலைகளை எண்ணுவேன். பதினொன்று இல்லையென்றால் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். அடுத்த வருஷத்திலிருந்து எல்லோரும் டிரில் செய்யலாம்."

சொல்லிவிட்டு அவர் ரயிலில் போக ஏற்பாடு செய்துகொண்டார். எங்களுக்கு வழியில், ஆற்றுக்குத் தெற்கே பனங்காட்டு ஊர் ஒன்றில் சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருந்ததால் வண்டிப் பயணம்.

முதல் வண்டியில் எனக்கு எதிரே எங்கள் கேப்டன் தேவசகாயம் உட்கார்ந்திருந்தான். பாளையங்கோட்டைப் பாதிரியார் ஒருவரின் மகன். பொய் சொல்லத் தெரியாதவன் என்றால் மிகையில்லை. ஒருமுறை ரெஃப்ரி கவனிக்காததைத் தானே ஓடிப்போய், "ஐயா, என் கையில பட்டுட்டு" என்று சொல்லி எதிர்க்கட்சிக்குப் பெனால்டி வாங்கிக் கொடுத்த புண்ணியவான். அந்த ஒரு கோலில் நாங்கள் தோற்றோம். அவனுக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்ததாகச் சொன்னான்.

அவன் பக்கத்தில் ஆவுடையப்பன். திருநெல்வேலி டவுண் பிள்ளைமார் வீட்டுப் பையன். எங்கள் கோல்களில் முக்கால்வாசி அவன் காலில் பிறந்தவை. அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பா வியாபாரத்துக்காகக் கொழும்புக்குப் போக ஒரு திங்கட்கிழமை வீட்டிலிருந்து கிழக்கே புறப்பட்டார். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும். அந்தப் படகு கவிழ்ந்துவிட்டது. சனியும் திங்களும் கிழக்கே சூலம், அந்தக் கிழமைகளில் அந்தத் திசைக்குப் புறப்படக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆவுடையப்பன் வீட்டில் அது சொல்லாக நிற்கவில்லை. இந்தப் பயணத்துக்கு அனுப்பும்போது அவன் அம்மா விளக்கைத் தொட்டுச் சத்தியம் வாங்கியிருந்தார். மீறினால் பந்தும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், வீட்டோடு இருந்துவிட வேண்டியது.

"வெள்ளிக்கெழம கெளம்பியாச்சு, ஒரு கவலையும் இல்ல" என்றான் ஆவுடையப்பன். அவன் அப்படிச் சொன்னதே எனக்குக் கவலையாக இருந்தது.

மதியம் ஒரு மருத மரத்தடியில் வண்டி அவிழ்த்தோம். நாங்கள் பந்தைச் சேர்ந்து உதைப்போம், சோற்றைத் தனித்தனியே தின்போம். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. மரத்துக்கு ஒரு பக்கம் இந்துப் பையன்கள் ஐந்து பேரும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மறுபக்கம் நாங்கள் ஐந்து பேர், கருவாட்டுக் குழம்பும் சோறும். மீரான் நடுவில் உட்கார்ந்து வீட்டிலிருந்து வந்த ரொட்டியையும் கறியையும் தின்றபடி இரண்டு பக்கத்து வாசனையையும் குறை சொன்னான். சாப்பிட்டு எழும்போது மேற்கே பார்த்தேன். பொதிகை மலை தெரியவில்லை. மழைக் கருக்கல் மூடியிருந்தது.

ஆற்றங்கரை வயலும் வாழையும் முடிந்து தேரி என்கிற செம்மணல் காடு தொடங்கியதும் வண்டி நகர மறுத்தது. இறங்கித் தள்ளினோம். எங்கள் ஊரில் பாதை என்றால் காலுக்குக் கீழே இருக்கும். இங்கே பாதை சக்கரத்துக்கு மேலே இருந்தது. "தள்ளுங்கய்யா, தள்ளுங்க. பந்து ஒதைக்கிற காலுதானே" என்று வண்டிக்காரர் மேலே உட்கார்ந்தபடி தைரியம் சொன்னார். பொழுது சாயும்போது, சிவப்பு மணலில் பனைகளுக்கு நடுவே வெள்ளையடித்த மிஷன் கோயில் கோபுரம் தெரிந்தது.

சனிக்கிழமை ஆட்டம் அந்த மணலில்தான். எதிர்க்கட்சியில் பாதிப் பேர் மிஷன் பள்ளிக்கூடத்து மாணவர்கள், மீதி பனையேறும் இளைஞர்கள். பனையேறியின் தொடை மீது மோதினால் மரத்தில் மோதினது போல இருக்கும். அன்றைக்கு நான் அப்படி நான்கு தடவை மோதினேன். கடைசியில் ஆவுடையப்பன் ஒரு கோல் போட்டு எங்களைக் கரையேற்றினான். அந்தக் கோயில் உபதேசியார் வீட்டில் எங்களுக்குக் கோழிக்குழம்பு. இந்துப் பையன்கள் ஐந்து பேருக்கும் அவலும் கருப்பட்டியும் தனியே பனை ஓலைப் பட்டையில் வந்தன.

வெற்றியின் மகிழ்ச்சி கருப்பட்டி கரைகிற நேரம்கூட நீடிக்கவில்லை. கோயில் முன்னால் மணலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது தேவசகாயம் சொன்னான்: "இப்பமே வண்டியப் பூட்டுனா இன்னைக்கே ஆத்தூர்ல ஆத்தக் கடந்துரலாம். கெழக்க ஒரே வழிதான்."

"இன்னைக்குச் சனிக்கெழம" என்றான் ஆவுடையப்பன். "கெழக்க சூலம். நாளைக்குக் காலையில போவோம்."

"நாளைக்கு ஓய்வுநாளு. ஆராதன இருக்கு. ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்குன்னு வண்டி பூட்டுனா எங்க அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்? திங்க வெள்ளன போவோம்."

"திங்கக்கெழமையும் கெழக்க சூலம்வே."

ஆட்டத் தேதிகளைப் போட்ட துரைக்கு இந்த இரண்டு பஞ்சாயத்தும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. காரியதரிசியான எனக்கே தோன்றவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டவன் இதை விட்டுவிட்டேன்.

மீரான்தான் வாயைத் திறந்தான். "நல்லவேள, வெள்ளிக்கெழம நானும் ஒங்கள நிறுத்தல. நான் இப்பம் காயல்பட்டணத்துல எங்க வீட்டுக்குப் போயிருதேன். திங்க வெள்ளன ஆத்தூர்ல ஆத்தங்கரைக்கு வந்து நிக்கேன். யாரு வாரீயளோ வாங்க." எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டான்.

முடிவில் ஒரு வழி கண்டார்கள். இந்துப் பையன்கள் ஐந்து பேரும் ஞாயிறு மதியம் கிளம்பி ஆற்றைக் கடந்து அக்கரையில் முக்காணியில் தங்கிக்கொள்வது. நாங்கள் திங்கள் விடியுமுன் கிளம்பி அவர்களோடு சேர்ந்துகொள்வது. யாருடைய சாமிக்கும் கோபம் வராது. எல்லோருக்கும் திருப்தி.

"ஐப்பசி மாசம்லா. ஆத்த நடுவுல வச்சுக்கிட்டுப் பிரியலாமா?" என்று கேட்டேன்.

"வந்துட்டாரு காரியதரிசி" என்று சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆராதனையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, ஜன்னல் வழியே அவர்கள் வண்டி பனங்காட்டுக்குள் போவதைப் பார்த்தேன். கூண்டுக்குப் பின்னால் காலைத் தொங்கவிட்டபடி ஆவுடையப்பன் எங்களைப் பார்த்துக் கையாட்டினான். பிரசங்கம் காத்திருந்த கன்னிகைகளைப் பற்றியது. என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தையும் எனக்கு நினைவில்லை. மாலையில் எங்கள் தலைக்கு மேலே ஒரு துளி இல்லை. மேற்கே மலைப்பக்கம் மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. தேவசகாயத்திடம் காட்டினேன். "அங்கன பெய்யுது. நமக்கென்னவே" என்றான். ஆனால் அதற்குப் பிறகு அவனும் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வெளிச்சம் வரும்போது ஆத்தூரை நெருங்கினோம். ஆறு தெரிவதற்கு முன்னால் காதில் விழுந்தது. வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்து, "வந்துட்டு" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

தாமிரபரணியை எனக்குப் பாளையங்கோட்டையில் தெரியும். துணி துவைக்க, குளிக்க, மாடு கழுவ இடம் கொடுத்துக்கொண்டு கல்லுக்கு நடுவே போகிற சாதுவான ஆறு. இங்கே அதைப் பார்த்ததும் வேறு யாரோ என்று நினைத்தேன். கரை தெரியாத செம்மண் தண்ணீர், வாழைகளை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. தோணியைக் கரைமேல் ஏற்றிப் புன்னை மரத்தில் கட்டியிருந்தார்கள். எங்கள் பாதி அணி அந்தக் கரையில். நாலரை மணி, துரை, அலமாரி, டிரில் எல்லாம் ஒரேயடியாகக் கண் முன்னால் வந்து நின்றன.

அப்போதுதான் புன்னை மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவன் மீரான். இன்னொருவன் ஆவுடையப்பன்.

"ஏலே, நீ அக்கரையிலல்லா இருக்கணும்?" என்றான் தேவசகாயம்.

"இருந்தேன். நேத்து சாயங்காலம் எறக்கிவிடும்போதே தோணிக்காரரு சொன்னாரு. மலையில கொட்டுது, தண்ணி வந்துரும், இனி தோணி கெடையாதுன்னு. நீங்க காலையில வந்து வெள்ளத்தப் பாத்துட்டு வாயப் பொளந்துக்கிட்டு நிப்பீய. கடல் வழியாத்தான் போவணும். புன்னைக்காயல்ல வள்ளங்க விடியுமுன்னயே கடலுக்குப் போயிரும், முந்தின நாளே சொல்லி நிறுத்தணும். அதைச் சொல்ல மீரான் வீடு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். தோணி திரும்பி வரும்போது கூடவே வந்துட்டேன். மத்த நாலு பேரும் வண்டி பிடிச்சு நேரா தூத்துக்குடி போயிருவானுவ."

மீரான் தலையாட்டினான். "மாமாட்ட சொல்லி ஒரு வள்ளத்த நிறுத்தி வச்சிருக்கு. சீக்கிரம் வாங்க."

எல்லோரும் வண்டியை நோக்கி ஓடினோம். தேவசகாயம் மட்டும் நகரவில்லை.

"ஆவுடை, நீ நேத்து கடந்ததோட நேத்துக் கெளம்புனதாக் கணக்கு. திரும்பி வந்துட்டியே. இப்பம் போனா?"

"இன்னைக்குக் கெளம்புனதாத்தான் கணக்கு."

"திங்கக்கெழம."

"தெரியும்வே" என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் வண்டியில் ஏறிக் கூண்டின் உள்பக்கம் போய் உட்கார்ந்தான்.

புன்னைக்காயல் மாதா கோயில் மணலில் நாங்கள் போய் இறங்கியபோது வள்ளக்காரர் சூசை பாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் கடலைப் பார்த்தபடி நின்றான். அலை வந்து காலைத் தொட்டதும் இரண்டடி பின்னால் நகர்ந்தான். சனிக்கிழமை பனையேறிகள் நடுவே புகுந்து போனவன் இவன்தானா என்றிருந்தது.

"இதுக்குப் பரிகாரம்னு ஒண்ணும் கெடையாதாவே?" என்று தேவசகாயம் அவனிடம் கேட்டான். பாதிரியார் மகன் வாயில் அந்தச் சொல் வந்ததை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் கேட்டேன்.

"உண்டு. கெழக்க சூலத்துக்குத் தயிரு. ஒரு வாய் தின்னுட்டுக் கெளம்பணும்."

"அவ்வளவுதானா? இருலே, வாங்கிட்டு வாரேன்."

"எங்க அப்பாவும் தயிரு தின்னுட்டுத்தான் போனாவ" என்றான் ஆவுடையப்பன்.

அப்படியும் தேவசகாயம் போனான். மீன் காய்கிற தெருவில், கறுப்புக் கோட்டும் வேட்டியுமாக, வீடு வீடாக நின்று தயிர் கேட்டான். வலை உலர்த்துகிற ஊரில் பசுவுக்கு எங்கே போவது? கதவுகளிலிருந்து பெண்கள் எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். "தயிரா? கடலுக்குப் போறதுக்கா?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது. கடைசியில் ஒரு வீட்டில் எருமை இருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் தயிரைக் கொட்டாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவன் மணலில் ஓடிவந்தான். சாதி பார்த்துச் சாப்பிடுகிற ஆவுடையப்பன் எந்த வீட்டுத் தயிர் என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

"உக்காந்தா உக்காந்ததுதான். எந்திரிக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டுச் சூசை வள்ளத்தைத் தள்ளினார்.

கரையோரம் கடல் அமைதியாகத்தான் இருந்தது. முகத்துவாரத்துக்கு நேரே வந்ததும் பயம் தொடங்கியது. நீலத் தண்ணீரில் ஆற்றின் செந்தண்ணீர் கோடு கிழித்தது போலப் புகுந்து வெகுதூரம் போயிருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டும்போது வள்ளம் பக்கவாட்டில் இழுபட்டது. வாழைத்தார், கூரைக் கீற்று, ஒரு வண்டிச் சக்கரம் எல்லாம் எங்களோடு வந்தன. ஒரு பனந்தடி வந்து மோதியபோது பலகை அலறியது. நான் அலறியது தனி. நம் ஊர் ஆறே கடல் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்து கொல்லப் பார்க்கிறதே என்று நினைத்தேன்.

தெற்கே திருச்செந்தூர்க் கோபுரம் இருக்கும் பக்கம் திரும்பி ஆவுடையப்பன் "முருகா, முருகா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்தபடி தேவசகாயம் உதட்டுக்குள் ஜெபித்தான். மீரான் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பையக் கூப்பிடுங்கவே ரெண்டு பேரும். சூசை அண்ணாச்சி அங்கன மாதாவ கூப்பிடுதாரு, அவருக்குக் கேக்கணும்லா." யாரும் சிரிக்கவில்லை.

செந்தண்ணீர் முடிந்து மறுபடி நீலம் வந்ததும் சூசை சிலுவை போட்டுக்கொண்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். அதன் பிறகு எல்லோரும் முறைவைத்து வாந்தி எடுத்தோம்.

தூத்துக்குடி நெருங்கும்போது, வலது பக்கம் தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் படகுகள். "அங்கனதானா?" என்று ஆவுடையப்பன் கேட்டான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. தேவசகாயம் தன் இடத்திலிருந்து நகர்ந்து அவனுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி விரித்துப் பிடித்தான். "வெயிலு" என்றான். வானம் முழுக்க மேகம்.

மைதானத்துக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது முக்காணியிலிருந்து வந்த எங்கள் நாலு பேரும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே துறைமுகத்து அணி. கப்பல் கம்பெனி ஆபீஸ்களில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்களும், சட்டைக்காரர்கள் என்கிற ஆங்கிலோ இந்தியர்களும். காலில் பூட்ஸ். எங்கள் காலில் மணலும் உப்பும். துரை கடிகாரத்தை வெளியே எடுத்து வைத்திருந்தார். எங்களை ஒவ்வொருவராக விரலால் எண்ணினார். ஈர வேட்டி, வாந்தி படிந்த சட்டை, எதையும் பற்றிக் கேட்கவில்லை. "பதினொன்று" என்றார். கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். அந்த வருஷம் முழுக்க எனக்கு அவ்வளவு இனித்த சொல் வேறில்லை.

மூன்றுக்கு ஒன்று தோற்றோம். அந்த ஒன்று ஆவுடையப்பன் போட்டது. போட்ட கையோடு ஒரு பூட்ஸ் அவன் கால் பெருவிரலை மிதித்து நகத்தைப் பெயர்த்துவிட்டது. துரை எங்களிடம் வந்து, "அடுத்த வருஷம் பூட்ஸை எதிர்த்து ஆடப் பழகுங்கள்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். போதும் எங்களுக்கு.

செவ்வாய்க்கிழமை ரயிலில் திரும்பினோம். ரயில் என்பது எவ்வளவு நல்ல சாதனம் என்று அன்றுதான் புரிந்தது. அது ஆற்றில் மிதப்பதில்லை. நொண்டுகிற ஆவுடையப்பனை வீட்டில் கொண்டுவிட தேவசகாயமும் நானும் ஜட்காவில் டவுணுக்குப் போனோம். வீட்டில் என்ன சொல்வது என்று ஆவுடையப்பன் யோசித்துக்கொண்டிருந்தான். எனக்கும் அதே யோசனைதான். உண்மை தெரிந்தால் அந்த அம்மா அவனை மறுபடி படி தாண்டவிட மாட்டார். பாதி வழியில், "நான் பொய் சொன்னா அம்மா கண்டுபிடிச்சிருவாவ" என்றான்.

அம்மா நிலைக்கதவுக்கு உள்ளே நின்றிருந்தார். வெள்ளைப் புடவை. ஆத்தூரில் வெள்ளம் வந்த செய்தி அவருக்கு எட்டியிருந்தது. மகன் கால் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு அவனை விட்டுவிட்டு தேவசகாயத்தைப் பார்த்தார்.

"எம்புள்ள எனக்குப் பயந்து எதையாவது சொல்லுவான். நீங்க பாதிரியார் வீட்டுப் புள்ள, பொய் சொல்ல மாட்டீய. எந்தக் கெழம தம்பி தூத்துக்குடிக்குக் கெளம்புனீய?"

பெனால்டி கொடுத்த வாய் அது. தேவசகாயம் அந்த அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலமே கெளம்பிட்டோம் அம்மா. எல்லாரும் சேந்துதான் ஆத்தக் கடந்தோம். தண்ணி வாரதுக்கு முந்தியே."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பீய" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு மோர் கொண்டுவர உள்ளே போனார். ஆவுடையப்பன் தூணைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கவலைப்படத் தெரிந்தவனுக்கே அதற்கு மேல் தோன்றவில்லை. ஆனால் டவுண் வீடுகளுக்குப் பெண்களுக்குப் படிப்புச் சொல்லித்தர வருகிற பைபிள் அம்மா ஒருத்தர் இருந்தார். மகன் பிழைத்து வந்த சந்தோஷத்தில் ஆவுடையப்பனின் அம்மா அவரிடம், "ஒங்க பாதிரியார் புள்ள ஞாயித்துக்கெழமன்னும் பாக்காம எம்புள்ளையக் கூட்டிட்டுப் போயிருக்காரு" என்று மனம் நிறையச் சொல்லியிருக்கிறார். பைபிள் அம்மா பாதிரியாரிடம் சொல்லிவிட்டார். பாதிரியார் மகனைக் கூப்பிட்டு, ஓய்வுநாளில் பயணம் போனாயா என்று கேட்டார். தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சபைக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டிய வீடு என்று, கிறிஸ்துமஸ் வரைக்கும் அவனைக் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தார் அப்பா. அடுத்த ஞாயிறு எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போனபோது, பெஞ்சில் அவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் மாலை மைதானத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது நான் பொறுக்க மாட்டாமல் சொன்னேன். "நாம அந்த ஊருலதான் இருந்தோம், ரெண்டு ஆராதனைக்கும் போனோம்னு நானே ஒங்க அப்பாட்ட வந்து சொல்லுதேன்வே. உபதேசியார் சாட்சி சொல்லுவாரு."

தேவசகாயம் நின்றான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா பைபிள் அம்மாவுக்குத் தெரியும். அங்கயிருந்து டவுணுக்குப் போவும். அந்த அம்மா ஆவுடைய வீட்டுல உக்கார வச்சிருவாவ." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னான்: "அப்புறம் நாம பத்துப் பேருதான்வே."

மைதானத்தில் ஆவுடையப்பன் காலில் துணிக் கட்டோடு பந்தை வைத்துக்கொண்டு நின்றான். "என்னலே, ரெண்டு பேரும் தெனமும் நேரங்கழிச்சு வாரீய" என்று அங்கிருந்தே கத்தினான்.